கீமோ முடிந்த பின்னும் மரத்துப்போகும் விரல்கள்: குடல் புற்றுநோய் சிகிச்சையில் நரம்பைக் காப்பது எப்படி?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு மாத கீமோதெரபியும் முடிந்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் பலரை ஒரு தொல்லை விடுவதில்லை. சட்டைப் பொத்தானை விரல்கள் பிடித்திருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பையில் கைவிட்டுத் துழாவினால் சாவி எது, நாணயம் எது என்று புரிவதில்லை. காலில் இருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடப் பத்தடி நடந்த பிறகே தெரிகிறது. இரவில் பாதங்கள் எரிகின்றன. உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாமா ஒரு குறையாகச் சொல்வது என்று நோயாளியும் பேசாமல் இருந்துவிடுகிறார், வீட்டில் உள்ளவர்களும் கேட்பதில்லை.

ஆனால் இது பேசப்பட வேண்டிய விஷயம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சிகிச்சை முன்னேறியிருப்பதால் அவர்களில் பலர் பத்து, இருபது ஆண்டுகள் நலமாக வாழ்கிறார்கள். அத்தனை ஆண்டுகளையும் உணர்வற்ற பாதங்களோடு கழிப்பதும், நல்ல பாதங்களோடு கழிப்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை கீமோ தொடங்குவதற்கு முன்பும், பாதிச் சிகிச்சை முடியும் கட்டத்திலும் எடுக்கப்படுகின்றன. அப்போது என்ன கேட்க வேண்டும் என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் எல்லா மருந்துகளும் நரம்பைத் தாக்குவதில்லை. 5-எஃப்யூ, அதன் மாத்திரை வடிவமான கேபசிடபின் ஆகியவற்றால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வரலாம். நரம்புக்கு அவற்றால் பெரிய ஆபத்தில்லை. நரம்பைப் பதம் பார்ப்பது ஆக்சாலிபிளாட்டின். பிளாட்டினம் என்ற உலோகத்தை மையமாகக் கொண்ட இந்த மருந்து 1976இல் ஜப்பானின் நகோயாவில் உருவாக்கப்பட்டது. 5-எஃப்யூவுடன் சேர்த்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கொடுத்தால் அந்த முறைக்கு ஃபோல்ஃபாக்ஸ் என்று பெயர். கேபசிடபினுடன் சேர்த்து மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கொடுத்தால் கேப்பாக்ஸ். உலகெங்கும் இந்த இரண்டும்தான் முதன்மையான முறைகள்.

இந்த மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அது செய்த நன்மையையும் சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் 5-எஃப்யூ மட்டும் கொடுப்பதா, அதோடு ஆக்சாலிபிளாட்டினையும் சேர்ப்பதா என்பதை 2,246 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த மொசைக் ஆய்வு 2004இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஆக்சாலிபிளாட்டின் பெற்ற குழுவில் 78.2 சதவீதம், பெறாத குழுவில் 72.9 சதவீதம். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு ஆயுளும் கூடியது என்பது பிந்தைய கணக்கில் உறுதியானது. ஆகவே ஆக்சாலிபிளாட்டினே வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்பதே கேள்வி.

உடனடிப் பாதிப்பு, நாள்பட்ட பாதிப்பு

ஆக்சாலிபிளாட்டின் நரம்பை இரண்டு விதமாகத் தாக்குகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாதபோது பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய நேரத்தில் அசட்டையாக இருக்கிறார்கள்.

முதலாவது, உடனடிப் பாதிப்பு. டிரிப் ஏறிய சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். குளிர்தான் அதைத் தூண்டும். ஃப்ரிட்ஜுக்குள் கைவிட்டால் விரல்களில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று இருக்கும். குளிர்ந்த நீரை ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே அடைத்துவிட்டது என்று தோன்றும். மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை. தொண்டை நரம்புகளின் கூச்சம்தான் அப்படி உணரவைக்கிறது. தாடை பிடித்துக்கொள்வதும் கைவிரல்கள் மடங்கியபடியே சில நொடிகள் நிற்பதும் உண்டு. மருந்து பெறுபவர்களில் பெரும்பாலோருக்கு இது வரும். மூன்றாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்ல அடங்கும். மருந்து உடைந்து உருவாகும் ஆக்சலேட், நரம்பின் சோடியம் வாயில்களைத் தடுமாறவைப்பதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. நரம்பு செத்துப்போவதில்லை, மிதமிஞ்சித் துடிக்கிறது.

இரண்டாவது, நாள்பட்ட பாதிப்பு. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். இது குளிரைச் சார்ந்ததல்ல. கால்விரல் நுனியிலும் கைவிரல் நுனியிலும் தொடங்கி, கையுறையும் காலுறையும் அணிந்திருப்பதுபோல் மேல்நோக்கிப் பரவும். முதலில் இரண்டு டிரிப்புகளுக்கு இடையே வந்து போகும். பிறகு போகாமல் தங்கிவிடும். தொடு உணர்வோடு, கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்குவதால், இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம் வரும்.

இந்த இரண்டாவது பாதிப்பு ஏன் உண்டாகிறது என்பதில் இப்போது ஓரளவு தெளிவு பிறந்திருக்கிறது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ரத்தத்தில் உள்ள நச்சு எளிதில் புகாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. தொடு உணர்வைச் சுமக்கும் நரம்புகளின் தாய் அணுக்கள் தண்டுவடத்துக்குச் சற்று வெளியே, முதுகெலும்பின் இருபுறமும் முடிச்சு முடிச்சாக இருக்கின்றன. அந்த முடிச்சுகளுக்கு இந்தத் தடுப்பு கிடையாது. அங்குள்ள ரத்த நாளங்களின் சுவர் நுண்துளைகள் கொண்டது. பிளாட்டினம் அங்கே தாராளமாகப் புகுந்து, அணுக்களின் மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. அணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் கெடுகிறது. தோல் அணு இறந்தால் புதிது பிறக்கும். நரம்பணு இறந்தால் அதன் இடத்தில் இன்னொன்று பிறப்பதில்லை. நீளமான நரம்புகளே முதலில் தளர்வதால், முதுகில் நடந்த சேதம் பாதத்தில் தெரிகிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்களோ தடுப்புக்கு உள்ளே பத்திரமாக இருக்கின்றன. உணர்வு போனாலும் கைகால் பலம் பெரும்பாலும் குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பிளாட்டினம் உடலில் சேரச் சேரப் பாதிப்பும் ஏறும். மொத்த அளவு உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 780 முதல் 850 மில்லிகிராம் வரை போகும்போது நூறில் பத்துப் பதினைந்து பேருக்குக் கடுமையான பாதிப்பு வந்துவிடுகிறது. ஃபோல்ஃபாக்ஸில் ஒருமுறைக்கு 85 மில்லிகிராம். அதாவது ஒன்பதாவது, பத்தாவது டிரிப்பில் அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம். முழுச் சிகிச்சை என்பது பன்னிரண்டு டிரிப். மொத்தம் 1,020 மில்லிகிராம்.

இன்னொரு தந்திரமும் இதற்கு உண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை பாதிப்பு கூடிக்கொண்டே போகலாம். கடைசி டிரிப் அன்று விரல்நுனியில் லேசாக இருந்த மரத்துப்போதல், மூன்று மாதம் கழித்து உள்ளங்கை வரை வந்திருப்பதைப் பார்த்து, நோய் திரும்பிவிட்டதோ என்று நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். பிறகு பலருக்கு மெல்லக் குறையும். மொசைக் ஆய்வில் சிகிச்சையின்போது 12.4 சதவீதம் பேருக்குக் கடுமையான உணர்விழப்பு இருந்தது. ஓராண்டு கழித்து அது ஒரு சதவீத அளவுக்கு இறங்கியது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்தும் ஏதோ ஓர் அளவில் பாதிப்பு மிஞ்சியிருந்தவர்கள் 15.5 சதவீதம். அதில் பெரும்பகுதி ‘லேசானது’ என்ற கட்டத்தில் பதிவானது. வீணை வாசிப்பவருக்கோ, தையல் வேலை செய்பவருக்கோ, கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கோ அந்த ‘லேசானது’ என்ற சொல் பொருந்துமா என்பதை மருத்துவப் படிவம் கேட்பதில்லை.

தடுப்பு மருந்தைத் தேடிய கதை

நரம்பைக் காக்க ஒரு மாத்திரையோ ஊசியோ இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முதலில் நினைத்தவர்கள் புற்றுநோய் மருத்துவர்கள்தாம். கால் நூற்றாண்டாக அந்தத் தேடல் நடக்கிறது. அதில் கால்சியம்–மக்னீசியம் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவத்தில் நம்பிக்கைக்கும் நிரூபணத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நரம்பு தடுமாறுகிறது. ஆகவே டிரிப்புக்கு முன்னும் பின்னும் கால்சியமும் மக்னீசியமும் ஏற்றினால் போதும் என்பதே வாதம். 2004இல் பிரான்சில் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, அப்படி ஏற்றப்பட்டவர்களுக்குப் பாதிப்பு குறைவு என்றது. விலை மலிவு, செய்வது எளிது. உலகெங்கும் மருத்துவமனைகள் இதைப் பின்பற்றத் தொடங்கின. 2007இல் கான்செப்ட் என்ற ஆய்வு நடுவிலேயே நிறுத்தப்பட்டது. கால்சியம்–மக்னீசியம் பெற்றவர்களுக்குக் கட்டி சுருங்குவது குறைகிறதோ என்று கண்காணிப்புக் குழுவுக்குச் சந்தேகம் வந்ததே காரணம். பிறகு ஸ்கேன்களைத் தனியாக மறுபரிசீலனை செய்தபோது அந்தச் சந்தேகம் நிலைக்கவில்லை. இதற்கிடையே பாதியில் நின்றுபோன இன்னொரு ஆய்வின் சிறிய தரவு மீண்டும் பலன் இருப்பதாகக் காட்டியது. கடைசியில் 353 நோயாளிகளை வைத்து, யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு உப்புநீர் என்பதை மறைத்து நடத்திய அமெரிக்க ஆய்வு 2014இல் தீர்ப்பளித்தது. எந்தப் பலனும் இல்லை. உடனடிப் பாதிப்பும் குறையவில்லை, நாள்பட்ட பாதிப்பும் குறையவில்லை. பத்தாண்டுகளாக நல்லெண்ணத்தோடு ஏற்றப்பட்ட டிரிப்புகள் நரம்புகளைக் காக்கவில்லை.

மற்றவற்றின் கதையும் ஏறத்தாழ இதுதான். வைட்டமின் இ பலிக்கவில்லை. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் ப்ரீகாபலினை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவில் பலனில்லை. ஜப்பானில் பத்து மூலிகைப் பொருட்களைக் கொண்ட கோஷாஜின்கிகன் என்ற பாரம்பரிய மருந்தின் மீது பெரும் நம்பிக்கை இருந்தது. ஆக்சாலிபிளாட்டின் பெறுபவர்களிடம் அதை முறையாகச் சோதித்தபோது, மிதமானதும் அதற்கு மேற்பட்டதுமான பாதிப்பு மூலிகை பெற்றவர்களில் 50.6 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 31.2 சதவீதம். ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். கால்மாங்காஃபோடிபிர் என்ற புதிய மருந்தும் பெரிய ஆய்வுகளில் நரம்பைக் காக்கவில்லை, பாதிப்பைக் கூட்டியது.

மார்பகப் புற்றுநோய்க்கு வேறு வகைக் கீமோ பெற்ற 409 பெண்களிடம் அசெட்டைல்-எல்-கார்னிட்டின் சோதிக்கப்பட்டது. நரம்புக்கு நல்லது என்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் துணை மருந்து அது. அதை உட்கொண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு மோசமானது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2020இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொல்கிறது. கீமோவால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்கப் பரிந்துரைக்கத்தக்க மருந்து எதுவும் இல்லை. அசெட்டைல்-எல்-கார்னிட்டினைத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கவே கூடாது.

இதைச் சொல்லும்போது, ‘நரம்பு மாத்திரை’ என்ற பெயரில் தாமாகவே வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அவற்றில் பலவற்றில் வைட்டமின் பி6 இருக்கிறது. அதை அதிக அளவில் நீண்டகாலம் எடுத்தால், அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். கீமோவால் வந்த மரத்துப்போதலுக்கு மருந்தென்று எண்ணி, அதே மரத்துப்போதலை விலைக்கு வாங்குவதில் அர்த்தமில்லை. பி12 குறைபாடு இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதை ஈடுசெய்வது வேறு விஷயம், அது அவசியம். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுத்தவர்களுக்கும், நெடுங்காலச் சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைவாக இருக்க வாய்ப்புண்டு. பி12 குறைவே நரம்பைக் கெடுக்கும் என்பதால், கீமோ தொடங்கும் முன் அந்த ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்வது நல்லது.

உண்மையில் பலன் தந்தது எது?

தடுப்பு மருந்து இல்லை என்றால் தடுக்கவே முடியாது என்று பொருளல்ல. இந்த நரம்புப் பாதிப்பு மருந்தின் மொத்த அளவைப் பொறுத்தது. அளவைக் குறைத்தால் பாதிப்பும் குறையும். நோயைக் கட்டுப்படுத்தும் பலனை இழக்காமல் எவ்வளவு குறைக்கலாம் என்பதே அடுத்த கேள்வி. அதற்குக் கிடைத்திருக்கும் பதில், என் பார்வையில், கடந்த இருபது ஆண்டுகளில் குடல் புற்றுநோயாளிகளின் அன்றாட வாழ்க்கைக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று.

மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆறு மாதக் கீமோ தேவையா, மூன்று மாதம் போதுமா? பன்னிரண்டு நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, 12,834 நோயாளிகளை ஒப்பிட்ட ஐடியா கூட்டாய்வு 2018இல் வெளியானது. மூன்றாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மூன்று மாதக் குழுவில் 74.6 சதவீதம், ஆறு மாதக் குழுவில் 75.5 சதவீதம். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். நரம்புப் பாதிப்பிலோ வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. மிதமானதும் கடுமையானதுமான பாதிப்பு ஃபோல்ஃபாக்ஸ் பெற்றவர்களில் மூன்று மாதத்துக்கு 16.6 சதவீதம், ஆறு மாதத்துக்கு 47.7 சதவீதம். கேப்பாக்ஸ் பெற்றவர்களில் 14.2, 44.9. எந்த மாத்திரையும் செய்யாததைக் காலண்டர் செய்துவிட்டது.

நியாயமாகச் சொல்வதானால், மூன்று மாதம் ஆறு மாதத்துக்குக் குறைந்ததல்ல என்பதைப் புள்ளியியலின் கறாரான அளவுகோலின்படி இந்தக் கூட்டாய்வு ஒட்டுமொத்தமாக நிரூபிக்கவில்லை. எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியது. அதனால் எல்லாருக்கும் ஒரே அளவு என்று சொல்ல முடியாது. கட்டி குடல் சுவரை முழுதாகத் துளைத்து வெளியேறாமல், மூன்று நிணநீர்க் கணுக்களுக்குள் மட்டுமே பரவியிருந்தால் ஆபத்து குறைந்த வகை. இவர்களில் கேப்பாக்ஸ் பெற்றவர்களுக்கு மூன்று மாதமே போதுமானதாக இருந்தது: மூன்றாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 85.0 சதவீதம், ஆறு மாதத்தில் 83.1 சதவீதம். கட்டி குடல் சுவரைத் துளைத்து வெளியேறிய டி4 என்ற கட்டத்தில் இருந்தாலோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் பரவியிருந்தாலோ ஆபத்து கூடிய வகை. இவர்களுக்கு, குறிப்பாக ஃபோல்ஃபாக்ஸ் முறையில், ஆறு மாதமே மேல். மூன்று மாதம் என்பது கேப்பாக்ஸில் நான்கு டிரிப், ஃபோல்ஃபாக்ஸில் ஆறு. இரண்டிலும் ஆக்சாலிபிளாட்டின் மொத்த அளவு 510, 520 மில்லிகிராம் என்ற அளவிலேயே நிற்கிறது. ஆபத்தான எல்லைக்கு வெகு கீழே.

ஆகவே கீமோ தொடங்கும் முன் நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ‘எனக்கு வந்திருப்பது ஆபத்து குறைந்த வகையா, கூடியதா? எனக்கு மூன்று மாதம் போதுமா?’ அந்தப் பதில் அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவின் பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கிறது.

ஆறு மாதம் தேவைப்படுபவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆறு மாதச் சிகிச்சை என்றால் ஆறு மாதமும் ஆக்சாலிபிளாட்டின் ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. மரத்துப்போதல் தங்கத் தொடங்கியதும் ஆக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு, 5-எஃப்யூவையோ கேபசிடபினையோ தொடரலாம். பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2023இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, திட்டமிட்ட ஆக்சாலிபிளாட்டினில் பாதியாவது பெற்றவர்கள் அதன் பிறகு அதை நிறுத்தியதால் நோய் கட்டுப்பாட்டில் இழப்பு தென்படவில்லை என்று காட்டியது. எல்லா மருந்தையும் சேர்த்துப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் இழப்பு. இந்த வேறுபாடு மிக முக்கியம். நரம்பைச் சொன்னால் சிகிச்சையே போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நோயில் சிகிச்சை நீண்டகாலம் ஓடும் என்பதால், இடைவெளி விட்டுக் கொடுப்பதே நல்ல உத்தி. 2006இல் வெளியான ஆப்டிமாக்ஸ்-1 ஆய்வில் 620 நோயாளிகள் பங்கேற்றனர். ஆறு டிரிப்புக்குப் பிறகு ஆக்சாலிபிளாட்டினை நிறுத்தி, மற்ற மருந்தை மட்டும் தொடர்ந்து, தேவைப்பட்டபோது மறுபடியும் சேர்த்தார்கள். நோய் கட்டுப்பாடு குறையவில்லை. அளவைக் குறைப்பதும் வழக்கத்தில் உள்ளது. மிதமான பாதிப்பு போகாமல் தங்கினால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கீமோவில் ஒருமுறைக்கான 85 மில்லிகிராமை 75 ஆகவும், பரவிய நோயில் 65 ஆகவும் குறைக்கலாம் என்று மருந்தின் கையேடே சொல்கிறது. கடுமையான பாதிப்பு என்றால் நிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. முதல் டிரிப்பில் தொண்டை இறுக்கம் போன்ற உடனடித் தொல்லை கடுமையாக இருந்தால், அடுத்த முறை இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக ஆறு மணி நேரத்தில் மெல்ல ஏற்றுவது உதவும்.

இன்னும் ஒருபடி முன்னே போய், இந்த மருந்தே தேவையில்லாதவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் நிலை நோயில் ஆக்சாலிபிளாட்டினால் ஆயுள் கூடியதாக மொசைக் ஆய்வு காட்டவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதைச் சேர்ப்பதால் வரும் கூடுதல் பலனும் தெளிவாக நிலைநாட்டப்படவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தத்தில் புற்றுநோயின் மரபுத் துணுக்குகள் மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்துக் கீமோவை முடிவு செய்யும் முறையை, இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரிடம் சோதித்த டைனமிக் ஆய்வு 2022இல் வெளியானது. இப்படிப் பார்த்தபோது கீமோ பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தார்கள். நோய் திரும்புவது கூடவில்லை. கட்டியின் அணுக்களில் மரபுப் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் குன்றியிருக்கும் வகையைச் சேர்ந்தவர்களுக்கோ நோயெதிர்ப்புச் சிகிச்சையே புதிய கதவைத் திறந்திருக்கிறது. பரவிய நோயில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து, இந்த வகைக்குக் கீமோவைவிட மேலானது என்பது 2020இலேயே தெரிந்துவிட்டது. இந்த வகையா என்பதை அறியும் பரிசோதனை ஒவ்வொரு கட்டியிலும் செய்யப்பட வேண்டும்.

‘பரவாயில்லை’ என்ற பதில்

அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் சரியான நேரத்தில் நடந்தால்தான் பலன். அந்த நேரத்தைச் சொல்லக்கூடியவர் நோயாளி மட்டுமே. இந்தப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. டாக்டர் “எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறார், நோயாளி “பரவாயில்லை டாக்டர்” என்கிறார், அடுத்த டிரிப் ஏறுகிறது. பத்தாவது டிரிப் வரை இப்படியே போகிறது. மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம், டாக்டரிடம் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்ற தயக்கம், இவ்வளவு பெரிய நோயில் இது என்ன என்ற கூச்சம், எல்லாம் சேர்ந்து அந்த ஒற்றைச் சொல்லாக வெளிவருகின்றன.

மருத்துவரும் கேள்வியை மாற்ற வேண்டும். போன டிரிப்பின் மரத்துப்போதல் இந்த டிரிப்புக்கு முன் முழுதாகப் போய்விட்டதா? பொத்தான் போட முடிகிறதா? செல்போனில் எழுத்துகளைத் தட்டும்போது தடுமாற்றம் இருக்கிறதா? படி இறங்கும்போது கீழே பார்த்துக்கொண்டே இறங்குகிறீர்களா? இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். கணுக்கால் எலும்பில் அதிரும் இசைக்கவையை வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொல்வது ஒரு நிமிடத்தில் முடிகிற பரிசோதனை. கண்ணை மூடிக்கொண்டு கால்களைச் சேர்த்து நிற்கும்போது உடல் ஆடுகிறதா என்று பார்ப்பதும் அவ்வளவுதான். கேப்பாக்ஸ் பெறுபவர்களிடம் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கேபசிடபினால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து, வலித்து, தோல் உரிவது தோலின் தொல்லை. அதற்குக் குறைக்க வேண்டியது ஆக்சாலிபிளாட்டினை அல்ல, கேபசிடபினின் அளவை.

நோயாளி செய்யக்கூடியது, ஒவ்வொரு டிரிப்புக்குப் பிறகும் மரத்துப்போதல் எத்தனை நாள் இருந்தது, எதுவரை ஏறியது, எந்த வேலை கடினமானது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதை அடுத்த சந்திப்பில் டாக்டரின் மேசையில் வைப்பது. முதல் டிரிப்பின் உடனடித் தொல்லை கடுமையாக இருப்பவர்களுக்கு நாள்பட்ட பாதிப்பும் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அந்தக் குறிப்பு முதல் வாரத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஏற்கெனவே நீரிழிவாலோ மதுவாலோ பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்தல்லாத வழிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது உடற்பயிற்சி. ஜெர்மனியில் ஆக்சாலிபிளாட்டின் அல்லது வின்கா வகைக் கீமோ பெற்ற 158 பேரிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. ஒற்றைக் காலில் நிற்பது, நிலையற்ற தளத்தின் மேல் சமநிலையைக் காப்பது போன்ற பயிற்சிகளை வாரம் இருமுறை, பதினைந்து முதல் முப்பது நிமிடம் செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 70.6 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வுதான், பெரிய அளவில் மீண்டும் உறுதிப்பட வேண்டும். ஆனால் இந்தப் பயிற்சியால் கெடுதல் இல்லை, விழாமல் நடப்பதற்கும் அது உதவும். சிகிச்சையின் முதல் வாரத்திலேயே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

குளிரைப் பொறுத்தவரை டிரிப்புக்குப் பிறகு சில நாட்கள் வெதுவெதுப்பான நீரையே குடிப்பதும், ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது கையுறை அணிவதும் உடனடித் தொல்லையைத் தவிர்க்கும். நாள்பட்ட பாதிப்பை இவை தடுப்பதில்லை. பாக்லிடாக்சல் என்ற வேறொரு கீமோவுக்குப் பனிக்கட்டிக் கையுறை அணிவதைக் கேள்விப்பட்டு அதையே இங்கும் செய்ய முனைபவர்கள், குளிரே தொல்லையைத் தூண்டும் மருந்து இது என்பதை நினைவில் கொண்டு, டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பாதிப்பு வந்து வலியாக மாறிவிட்டவர்களுக்கு ஆய்வில் பலன் நிரூபணமான மருந்து டுலாக்செட்டின் ஒன்றுதான். 231 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான அந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்கும் போலி மாத்திரை பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கும் வலி குறைந்தது. நாளொன்றுக்கு 30 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 60 ஆக்குவார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிக்கு ஓரளவு கேட்கும் இந்த மருந்து, போன உணர்வை மீட்டுத் தருவதில்லை. அதனால் உணர்வு குறைந்தவர்கள் குளிக்கும் நீரின் சூட்டைப் பாதத்தால் அல்லாமல் முழங்கையால் பார்ப்பது, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கை அணைக்காமல் வைப்பது, தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று சோதிப்பது ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கடைசி டிரிப்புக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் மரத்துப்போதல் கூடினால் அதை அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடாமல் அப்போதே சொல்ல வேண்டும். பி12, தைராய்டு, சர்க்கரை ஆகிய வேறு காரணங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்ய முடிகிற காலம் அதுதான்.